காட்டு வெங்காயம் என்றொரு பெயர்: நரிவெங்காயத்தின் தாவரவியல் பற்றிச் சில விளக்கங்கள்

நமது பழைய வைத்திய வாகடங்களைப் புரட்டுகிறவர்கள் ‘காட்டு வெங்காயம்’ என்ற பெயரை ஒரு தடவையாவது கண்டிருப்பார்கள். சளி, இருமல், இழுப்பு, கால் வீக்கம் என்று பல நோய்களுக்கான மருந்துகளில் அது வரும். என் உம்மாவின் வாப்பா அரபுத்தமிழில் எழுதிவைத்த கொப்பி ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. அதிலும் இரண்டு இடத்தில் வருகிறது. ஆனால் அது எந்தச் செடி, எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வரி விளக்கமும் கிடையாது. எழுதியவருக்கு அது தேவைப்படவில்லை. செடியை அவருக்குத் தெரியும். மருந்து வாங்கிப் போகிறவருக்குத் தெரியவேண்டிய அவசியமும் அந்தக் காலத்தில் இருக்கவில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. வாகடங்கள் அச்சாகின்றன. வாசிக்கிறவர் தானே மருந்து செய்து பார்க்கவும் துணிகிறார். இப்படியான கையெழுத்துப் பிரதி ஒன்றைப் பதிப்பிக்கத் தொடங்கிய பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “சேர், இது எங்கட சின்ன வெங்காயம் காட்டில தானா முளைச்சதுதானே? அப்ப சின்ன வெங்காயத்தையே போட்டா என்ன?”

சின்ன வெங்காயத்தைப் போட்டால் ஒன்றும் ஆகாது, மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதான். கேள்வியைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். வெங்காயமும் காட்டு வெங்காயமும் ஒன்றுதான் என்று நம்புகிற ஒருவர், காட்டு வெங்காயத்தை வெங்காயம் போல அரிந்து அவித்துக் குடித்தால் என்ன ஆகும்? இதயம் தாளம் தப்பும். ஆள் மௌத்தாகவும் கூடும். உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்த பழக்கத்தில் அந்த மாணவருக்கு அன்று வாயால் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். இந்தச் செடிக்குத் தமிழில் நரிவெங்காயம், காட்டு வெங்காயம் என்று இரண்டு பெயர். மலையாளத்தில் காட்டுள்ளி. தெலுங்கில் அடவி உல்லிகட்டை. இந்தி, உருதுவில் ஜங்லி பியாஸ். சமஸ்கிருதத்தில் வனபலாண்டு. சிங்களத்தில் வல் லூனு. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: காட்டில் விளைகிற வெங்காயம். இத்தனை மொழிகளும் ஒரே குரலில் வெங்காயம் என்று கூப்பிடும்போது, படிக்கிறவர் ஏமாறாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் தமிழ்ப் பெயரைக் கவனமாகப் பார்த்தால் அதற்குள்ளேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. உண்ணத் தகாத, அல்லது வீட்டுப் பயிரை ஒத்திருந்தும் அதுவல்லாத செடிகளுக்கு நம் முன்னோர் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி. அந்தக் கடைசிப் பெயர்தான் அறபியில் ஹன்ழல். அதன் கசப்பு நம்மவர்கள் எல்லோருக்கும் கேள்வியாலாவது தெரியும். நரிவெங்காயத்தில் உள்ள ‘நரி’யும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ‘இது உனக்கு உரியதல்ல, நரிக்குப் போகட்டும்’ என்ற மாதிரி. ‘காட்டு’ என்ற அடைமொழியில் அந்த எச்சரிக்கை இல்லை. இரண்டு பெயரில் மோசமான பெயர் காட்டு வெங்காயம்தான் என்பது என் அபிப்பிராயம்.

விஞ்ஞானப் பெயர் டிரிமியா இன்டிகா. இந்தப் பெயருக்கு வந்துசேர அது சுற்றிய சுற்று கொஞ்சமல்ல. சோழமண்டலக் கரையிலும் பின்னர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலும் வேலைசெய்த வில்லியம் ரொக்ஸ்பரோதான் இதை முதலில் சில்லா இன்டிகா என்று விவரித்தவர். 1843இல் குந்த் என்ற ஜேர்மன் அறிஞர் அதை உர்ஜினியா என்ற சாதிக்கு மாற்றினார். உர்ஜினியா என்ற சொல்லின் கதை நமக்குச் சுவையானது. 1834இல் ஸ்ரைன்ஹைல் என்பவர் அல்ஜீரியாவில் கண்ட ஒரு செடிக்காக அந்தச் சாதியை ஏற்படுத்தியபோது, அந்தப் பகுதியில் வாழ்ந்த பெனூ உர்ஜின் என்ற அறபுக் கோத்திரத்தின் பெயரையே அதற்கு வைத்தார். 1977இல் ஜெஸப் என்பவர் இதை டிரிமியா என்ற பழைய சாதிக்குள் கொண்டுவந்து சேர்த்தார். டிரிமியா என்பது காரம், உறைப்பு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே பழைய மருந்து நூல்களில் உர்ஜினியா இன்டிகா என்று கண்டாலும், புதிய நூல்களில் டிரிமியா இன்டிகா என்று கண்டாலும் செடி ஒன்றே.

வெங்காயத்தின் சாதி அல்லியம். சின்ன வெங்காயம், பம்பாய் வெங்காயம், வெள்ளைப்பூடு, நுவரெலியாவிலிருந்து வரும் லீக்ஸ் எல்லாம் அந்தச் சாதியின் பிள்ளைகள். முன்பு வெங்காயத்தையும் நரிவெங்காயத்தையும் ஒன்றாக லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். நாங்கள் படித்த காலத்துப் புத்தகங்களிலும் அப்படித்தான். பரம்பரை அலகுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்தப் பெரிய குடும்பம் பல துண்டுகளாக உடைந்தது. 2009இல் வெளியான வகைப்பாட்டின்படி வெங்காயம் அமரில்லிக் குடும்பத்தில் இருக்கிறது. நரிவெங்காயம் அஸ்பராகஸ் குடும்பத்தில், அதாவது சாத்தாவாரியின் குடும்பத்தில் இருக்கிறது. இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள், ஒரே வருணத்தைச் சேர்ந்தவை. தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், உடன்பிறப்பு அல்ல.

சரி, செடியைப் பார்ப்போம்.

சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்காகக் கீழக்கரைப் பக்கம் போயிருந்தபோது, கடலை ஒட்டிய மணல் தரையில் இதை நான் கண்டேன். கடும் வெயில் காலம். புல்லெல்லாம் கருகிப்போன வெறும் மணலிலிருந்து, ஓர் இலைகூட இல்லாமல், ஈர்க்கு மாதிரி ஒரு தண்டு நிமிர்ந்து நின்றது. ஒன்றரை முழம் இருக்கும். அதன் மேற்பாதியில் இடைவெளி விட்டு விட்டு, மங்கிய பழுப்பும் பச்சையும் கலந்த சிறு பூக்கள் தலைகுனிந்து தொங்கின. கூட வந்த பையன், “இதுக்கு இலையே கிடையாதா?” என்று கேட்டான். இலை உண்டு. ஆனால் பூ இருக்கும்போது இலை இருக்காது. இலை வரும்போது பூ போய்விட்டிருக்கும். தாயும் பிள்ளையும் சந்திக்காத குடும்பம் என்று வகுப்பில் சொல்லுவேன்.

இதற்கொரு நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் நாடா போன்ற தட்டையான இலைகள் குமிழிலிருந்து நேராக எழும். 15 முதல் 45 சென்றிமீற்றர் நீளம், ஒன்று முதல் இரண்டரை சென்றிமீற்றர் அகலம். அந்த இலைகள் செய்கிற உணவெல்லாம் நிலத்தடியில் குமிழின் சதைப்பற்றான செதில்களில் போய்ச் சேரும். மழை போனதும் இலைகள் காய்ந்து மறைந்துவிடும். வெயில் காலத்தில் மண்ணுக்கு மேலே செடி இருந்த அடையாளமே இருக்காது. பிறகு அடுத்த மழைக்கு முன்னால், சேமித்துவைத்த உணவையும் நீரையும் மட்டும் கொண்டு பூந்தண்டு எழும். மழையை அது எதிர்பார்ப்பதில்லை. பூத்துக் காய்த்து விதை முற்றும்போது மழை வரும் நேரமாகிவிடும். காய் ஒன்றரை சென்றிமீற்றர் அளவு, இரு முனையும் ஒடுங்கியது, மூன்று அறை கொண்டது. அது வெடித்தால் உள்ளே கறுத்த, தட்டையான, ஓரத்தில் சிறகுள்ள விதைகள். காற்று அவற்றை ஈர மணலில் கொண்டுபோய்ப் போடும். வறண்ட நிலத்துச் செடிக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேறென்ன?

இந்தப் பூந்தண்டில்தான் வெங்காயத்துக்கும் இதற்குமான முதல் வேறுபாடு இருக்கிறது. கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டம் பார்த்தவர்களுக்கு வெங்காயப் பூ தெரிந்திருக்கும். குழல் போன்ற தண்டின் நுனியில், ஒரே புள்ளியிலிருந்து எல்லாப் பூக்காம்புகளும் குடைக் கம்பிகள் போலப் புறப்பட்டு, ஒரு பந்தாக நிற்கும். மொட்டாக இருக்கும்போது அந்தப் பந்து முழுவதையும் ஒரு மெல்லிய சவ்வு உறை மூடியிருக்கும். இதைக் குடைமஞ்சரி என்கிறோம். நரிவெங்காயத்தில் பந்து கிடையாது. நீண்ட தண்டில் ஒன்றன் மேல் ஒன்றாகக் காம்புள்ள பூக்கள் அமைந்திருக்கும். அடியில் உள்ளது முதலில் விரியும், நுனியில் உள்ளது கடைசியில். ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. இதழ் ஆறு, கேசரம் ஆறு என்பதில் மட்டும் வெங்காயத்தோடு ஒற்றுமை. இதழ் ஆறு என்பது இந்தப் பெரிய கூட்டம் முழுவதற்குமே பொதுவான குணம் என்பதால் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

அப்படியானால் பந்து போலப் பூத்தால் வெங்காயம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. நமது கரையோரங்களில், பெரிய பச்சை இலைகளோடும் மணமுள்ள வெள்ளைப் பூக்களோடும் நிற்கிற விஷமூங்கிலைப் பாருங்கள். சிங்களத்தில் தொலபோ என்பார்கள். அதன் பூக்களும் குடைமஞ்சரிதான். குமிழும் உண்டு. வெங்காயத்தின் அதே அமரில்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது வேறு. ஆனால் பெயரே சொல்கிற மாதிரி அது நஞ்சு. ஆகவே பூவின் அமைப்பு பாதிச் சாட்சிதான். மறுபாதிச் சாட்சி மணம்.

வெங்காயத்தின் மணத்தைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பச்சை வெங்காயமோ வெள்ளைப்பூடோ லீக்ஸோ உண்டுவிட்டு அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்ற நபிவழி அறிவுறுத்தலைச் சின்னப் பிள்ளைகளும் அறிவார்கள். ஹதீஸில் வருகிற தூம், பஸல், குர்ராத் ஆகிய மூன்றும் அல்லியம் சாதிதான் என்பது கவனிக்கத்தக்கது. மூன்றையும் ஒன்றாகக் கட்டியது அவற்றின் வாடை. இன்றைய இரசாயனமும் அதே வாடையை வைத்துத்தான் அவற்றை ஒன்றாகக் கட்டுகிறது.

உரிக்காத வெங்காயம் ஏன் மணப்பதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் கலங்களுக்குள் கந்தகம் கொண்ட ஒரு வகை அமினோ அமிலம் ஓர் அறையிலும், அல்லினேசு என்ற நொதியம் இன்னோர் அறையிலும் வெவ்வேறாக வைக்கப்பட்டிருக்கின்றன. கத்தி பட்டதும் சுவர் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன, வாடை பிறக்கிறது. கண்ணைக் கரிக்கிற வாயு தனியானது. அதை உண்டாக்குவதற்கென்றே இன்னொரு நொதியம் வெங்காயத்தில் இருக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள்.

நரிவெங்காயத்தில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. நறுக்கினால் கண் எரியாது. வெங்காய வாடை வராது. எங்கள் மூத்தம்மா இரண்டே வசனத்தில் சொல்லுவா: “கண்ணு எரிஞ்சா வெங்காயம் மனே. கை அரிச்சா அது வேற.” தாவரவியல் ஒரு பாடமாகப் படிக்காத மனுசி. ஆனால் இதைவிட நல்ல இனங்காணற் சூத்திரத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் கண்டதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கையோடு அதைச் சொல்லவேண்டும். வெங்காயம் அரிந்த கையால் எதைக் கசக்கினாலும் வெங்காயம்தான் மணக்கும். மணம் பார்ப்பதானால் முதலில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். வாயில் போட்டுச் சுவை பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

கை அரிப்பதன் காரணமும் விளக்கக்கூடியதே. குமிழைக் குறுக்கே வெட்டினால் வெங்காயம் போலவே அடுக்கு அடுக்காகச் செதில்கள் தெரியும். 5 முதல் 10 சென்றிமீற்றர் குறுக்களவுள்ள, வெளிறிய குமிழ். வெங்காயத்தை வெட்டினால் நீர் வரும். இதில் பிசுபிசுவென்று கொழகொழத்த சாறு வரும். அந்தக் கொழுப்புச் சாறுள்ள கலங்களில் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கிய மாதிரி. குமிழை வெட்டுகிறபோது இந்த ஊசிகள் தோலில் தைத்துவிடுகின்றன. கருணைக்கிழங்கு அரிக்கிறதும் இதே வகை ஊசிகளால்தான்.

ஊசி வெறும் காவல்காரன். உண்மையான ஆயுதம் சாற்றுக்குள் கரைந்திருக்கிறது.

நமது உடலின் ஒவ்வொரு கலத்தின் சவ்விலும் ஒரு பம்பி இருக்கிறது. மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுப்பது அதன் வேலை. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ 1957இல் இதைக் கண்டறிந்தார். 40 வருடம் கழித்து, 1997இல், அதற்காக இரசாயன நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நரிவெங்காயத்தில் உள்ள புரோசில்லாரிடின் முதலான கிளைக்கோசைட்டுகள் இந்தப் பம்பியைப் பிடித்து நிறுத்துகின்றன. பம்பி மந்தமானால் இதயத் தசைக் கலத்துக்குள் சோடியம் கூடும். அதனால் கல்சியமும் கூடும். கல்சியம் கூடினால் தசை பலமாகச் சுருங்கும். சோர்ந்துபோன இதயத்துக்கு இது மருந்து. கால் வீக்கம் வற்றுவதற்கும் சிறுநீர் நன்றாகப் போவதற்கும் காரணம் இதுவே. நமது வாகடக்காரர்கள் கண்டது பொய்யல்ல. ஆனால் அளவு கொஞ்சம் தாண்டினால் அதே வேலை நஞ்சாகிறது. வாந்தி, நாடித் துடிப்பு குறைதல், பிறகு தாளம் தப்புதல். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் உள்ள இடைவெளி மிகவும் சிறியது. இதே குடும்பத்து நஞ்சைத் தேரைகள் தங்கள் தோலில் வைத்திருக்கின்றன. இந்தச் சேர்வைகளுக்கு இரசாயனத்தில் உள்ள பொதுப்பெயரே தேரையின் இலத்தீன் பெயரிலிருந்துதான் வந்தது.

இந்த நஞ்சை அறபுலகம் நன்றாக அறிந்திருந்தது. அவர்கள் அறிந்தது மத்திய தரைக்கடலைச் சுற்றி வளர்கிற சகோதர இனமான டிரிமியா மரிட்டிமாவை. நமது நரிவெங்காயத்தை விட அது பல மடங்கு பெரியது. குமிழ் ஒரு கிலோவைத் தாண்டும், பூந்தண்டு ஓர் ஆள் உயரத்தை எட்டிப்பிடிக்கும், பூக்கள் வெள்ளை. கிரேக்கர்கள் ஸ்கில்லா என்றார்கள். டயஸ்கோரிடிஸின் மருந்து நூல் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அறபுக்கு வந்தபோது அந்தச் சொல் இஷ்கீல் ஆனது. அறபியில் உன்ஸுல் என்றும் பெயர். பாமரர் வைத்த பெயர் பஸலுல் ஃபார், எலி வெங்காயம். இப்னு ஸீனா அல்-கானூனின் இரண்டாம் பாகத்திலும், 1248இல் திமிஷ்கில் மறைந்த அந்தலூசியத் தாவரவியலாளர் இப்னுல் பைத்தார் தமது மூலிகை நூலிலும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

எலி வெங்காயம் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. அதன் சிவப்பு வகைக் குமிழிலிருந்து எலிப் பாஷாணம் செய்வார்கள். மனிதனோ நாயோ பூனையோ இதைத் தின்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்துவிடும். எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. உள்ளே போனது உள்ளேயே நின்று அதை முடித்துவிடும்.

யூனானி வைத்தியர்கள் இந்தக் குமிழைப் பச்சையாகப் பாவிக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். மாவைப் பிசைந்து குமிழைச் சுற்றி மூடி, அடுப்பில் சுட்டு, அதன் காரத்தைத் தணித்த பிறகே எடுத்தார்கள். விநாகிரியில் ஊறவைத்தார்கள், விநாகிரியும் தேனும் சேர்த்து ஸிகன்ஜபீன் உன்ஸுலீ என்ற பாகு செய்தார்கள். அளவை எண்ணிக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு வந்த ஹகீம்கள் அதே இஷ்கீலுக்குப் பதிலாக இங்குள்ள ஜங்லி பியாஸை எடுத்துக்கொண்டார்கள். பிரித்தானிய மருந்து நூலும் பின்னர் அதே வழியில் ‘இந்திய ஸ்குவில்’ என்ற பெயரில் நமது நரிவெங்காயத்தை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் பிரபலமாக இருந்த ஜீ'ஸ் லிங்டஸ் என்ற இருமல் பாணியில் ஸ்குவில் ஒரு முக்கியக் கூறு.

மருந்தைத் தவிர வேறு பாவனையும் இருந்தது. பலஸ்தீனக் கிராமங்களில் வயல் எல்லைகளில் இதை வரிசையாக நட்டார்கள். ஆடுமாடு தின்னாது, கலப்பைக்கு இலகுவில் பெயராது, எல்லைக் கல்லைப் போல இரவோடிரவாக நகர்த்தவும் முடியாது. மையவாடிகளில் கப்றுகள் மேலும் நடுவார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டாலும் கோடையின் முடிவில் வெள்ளைப் பூ பூத்துவிடும். கிரீத் தீவில் புதுவருடத்துக்கு இந்தக் குமிழை வீட்டு வாசலில் தொங்கவிடுகிறார்கள். மண்ணும் நீரும் இல்லாமல் தொங்கியபடியே அது துளிர்க்கும். கீழக்கரை மணலில் இலையில்லாமல் பூத்த செடியின் இரகசியமும் அதுதான்.

மறுபடி நமது ஊருக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு வயோதிப மாது, பிறஷர் குளிசையும் தண்ணிக் குளிசையும் எடுக்கிறவ. யாரோ சொன்னார்கள் என்று ‘காட்டு வெங்காய’ வற்றலைக் கடையொன்றில் வாங்கி அவித்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் வாந்தியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தா. “வெங்காயந்தானே, என்ன செய்யப்போகுது” என்பதுதான் அவவின் வாதம். தண்ணிக் குளிசைகளில் பல, சிறுநீரோடு பொற்றாசியத்தையும் வெளியேற்றுபவை. இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்திருக்கும்போது இந்தக் கிளைக்கோசைட்டுகள் பம்பியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். டிகொக்ஸின் என்ற இதயக் குளிசை எடுப்பவருக்கு அபாயம் இரட்டிப்பு. ஒரே பம்பியில் இரண்டு பூட்டு. அல்ஹம்துலில்லாஹ், அவ பிழைத்துக்கொண்டா. மூட்டு வலிக்கென்று இரண்டு குமிழைத் தின்ற 55 வயதுத் துருக்கிப் பெண் ஒருவர் இறந்துபோன விபரம் 1995இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் பதிவாகியிருக்கிறது. அது பெரிய இனம். ஆனால் நஞ்சு ஒரே வகை.

வாகடங்களைப் பதிப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கட்டாயம் பதிப்பிக்கவேண்டும். அந்தக் கொப்பிகள் கறையானுக்குப் போவதைவிட நமக்கு வேறு நட்டம் இல்லை. ஆனால் காட்டு வெங்காயம் என்று வருகிற இடத்தில் அடிக்குறிப்பாக ‘நரிவெங்காயம், டிரிமியா இன்டிகா, நஞ்சு, கறி வெங்காயம் அல்ல’ என்று ஒரு வரி போடாமல் அச்சிடக்கூடாது. ‘சுட்டு எடுத்து’, ‘சுத்தி செய்து’ என்பன போன்ற சிறு சொற்கள் பிரதியில் அழிந்திருந்தால், அழிந்திருக்கிறது என்றே குறிக்கவேண்டும். வசனம் ஓடுகிறது என்று விட்டுவிட்டால் மருந்தின் பாதி போய்விடும். மூலத்தில் உள்ள அளவை நான் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை.

கடையில் வற்றலாக வாங்கியதை எப்படி இனங்காண்பது என்று அந்த மாணவர் கேட்டார். நரிவெங்காய வற்றல் மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில், வளைந்த கீலங்களாக, கொஞ்சம் ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். நன்றாகக் காய்ந்திருந்தால் சடக்கென்று முறியும். மழை நாளில் காற்றின் ஈரத்தை இழுத்துத் தோல் மாதிரி வளையும். வெங்காய வற்றலைப் போல மணக்காது. ஆனால் வற்றலை மட்டும் பார்த்து இன்ன இனம் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. குமிழோடு முழுச் செடி கிடைத்தால் பேராதனைத் தேசிய உலர்தாவர நிலையத்தில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அங்கேயும் ஒரு சங்கடம் இருக்கிறது. பூவோடு எடுத்தால் இலை இருக்காது, இலையோடு எடுத்தால் பூ இருக்காது. ஆகவே ஒரு குமிழைத் தொட்டியில் மணல் போட்டு நட்டு, பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, பூக்கும் காலத்தில் பூந்தண்டை ஒரு தாளிலும், மழைக்குப் பின் அதே குமிழின் இலையை இன்னொரு தாளிலும் அழுத்தி உலர்த்தி, இரண்டு தாளுக்கும் ஒரே இலக்கத்தை இடவேண்டும். கிட்டத்தட்ட ஒரு வருட வேலை. மாணவருக்கு ஒரு குமிழ் கிடைத்திருக்கிறது. தொட்டியில் இன்னும் மணல்தான் தெரிகிறதாம்.